செட்டிநாட்டில் அச்சுப்படம் வாங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து செட்டிநாட்டுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் அப்படி இழுக்கும். பிறகு பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், கண்டெய்னருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவார்கள். முதல் இரண்டு பயணங்களில் நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது முறை கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்துக்குக் கீழே, சுவரைச் சுற்றி, முன்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி வரிசையாகச் சாமிப் படங்கள். “அதெல்லாம் ஐயா காலத்துப் படம் தம்பி. தூசி தட்டவே ஏணி வேணும்” என்றார் அந்த வீட்டு ஆச்சி.

தூணைக் கொண்டுபோகக் கப்பல் வேண்டும். படத்துக்கு இரண்டு அட்டை போதும். அன்றிலிருந்து நான் படக் கட்சி.

அந்தச் சுவர்களில் இருப்பவை பெரும்பாலும் ஓலியோகிராப் எனப்படும் கல்லச்சுப் படங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, கடைசியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம்போலத் தோன்றச் செய்தவை. சிலவற்றில் தாளையே துணிபோல் சொரசொரப்பாக அழுத்தியிருப்பார்கள். ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது லோனாவ்லா பக்கம் மாறியது, பிறகு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. ஜெர்மனியிலேயே அச்சாகி வந்த சாமிப் படங்களும் உண்டு. ரங்கூனிலும் மலாயாவிலும் தொழில் செய்த செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீடு கட்டிய காலமும் இந்தப் படங்கள் ஊர் ஊராகப் பரவிய காலமும் ஒன்றுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜோடித்த படம். அச்சிட்ட சரஸ்வதிக்கு மேல் உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, சரிகை வைத்து, ஜிகினாவும் பாசிமணியும் பதித்திருப்பார்கள். அச்சகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த ஒரே முகம், ஒவ்வொரு வீட்டிலும் வேறு சேலை கட்டிக்கொண்டு நிற்கும். முகத்தில் கறை இருந்தாலும் பரவாயில்லை, இந்த மாதிரிப் படம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சரி, எங்கே வாங்குவது? காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, கண்ணாடி, எனாமல் பாத்திரம், ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் குவிந்து கிடக்கும் மூலையில், சுவரோரமாகப் படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். காலையிலேயே போங்கள், கடைக்குள் வெளிச்சம் குறைவு. மார்கழி, தை மாதங்களில் வந்தால் வெயில் உங்களைக் கொல்லாது. திருச்சியில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் காரில் சுமார் இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து பல்லவன் ரயில் இருக்கிறது.

கையில் ஒரு பூதக்கண்ணாடி அவசியம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். படத்தில் கன்னம், கை போன்ற வெளிர்நிறப் பகுதியில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை தப்பாமல், கட்டம் கட்டியதுபோல, சின்னச் சின்னப் பூவாகத் தெரிந்தால் அது ஆப்செட், பிற்காலத்து அச்சு. மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் இருந்தால் கல்லச்சு என்று நம்பலாம். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சட்டம் போட்டவர்களே ஓரத்தை வெட்டியிருப்பார்கள்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு கடையில் அசல் தேக்குச் சட்டம், துருப்பிடித்த ஆணி, மங்கிய கண்ணாடி எல்லாம் பார்த்து ஒரு லட்சுமியை வாங்கினேன். சிங்கப்பூர் வந்து பின்பலகையைக் கழற்றினால் வெள்ளை வெளேர் என்று பளபளப்புத் தாள். சட்டத்துக்கு நூறு வயது, லட்சுமிக்கு மூன்று வயது. “அண்ணே, பின்னாடி கொஞ்சம் திறந்து காட்டுங்க” என்று கேட்கக் கூச்சப்பட்டதற்குக் கொடுத்த விலை அது. இப்போது தயங்காமல் கேட்கிறேன். நல்ல வியாபாரிகள் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்குரூ டிரைவரை அவர்களே எடுத்து வருவார்கள்.

யாராவது “வீட்டுக்கே வாங்க, சுவரிலிருந்து இறக்கித் தருகிறோம்” என்றால் போகாதீர்கள். அந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து. ஒருவர் விற்றதை இன்னொருவர் திருட்டு என்பார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அது மட்டுமல்ல, சுவரில் இன்னும் தொங்கும் படம் அங்கேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

அரசாங்கச் சட்டம் இதைவிட முக்கியம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு பழமையான கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரவி வர்மா கையால் வரைந்த மூல ஓவியங்களுக்கும் தனித் தடை உண்டு. ஆகவே ‘இது நூற்றிருபது வருஷத்துப் படம்’ என்று கடைக்காரர் பெருமை பேசினால், அது உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. வயதில் சந்தேகம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை மத்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு நாள் பிடிக்கும். ஊருக்குத் திரும்பும் முந்தைய நாள் வாங்கினால் நடக்காது.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு 1940, 50, 60-களின் காலண்டர் படங்களைச் சொல்வேன். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி எல்லா வீட்டுக்கும் போனவை. உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருந்தது அநேகமாக அவற்றில் ஒன்றுதான். இவை ஆப்செட்டாகவே இருக்கலாம், அதனால் மதிப்புக் குறையாது. இன்னும் மலிவு வேண்டுமா? தீப்பெட்டிப் படம், துணி பேலில் ஒட்டிய மில் லேபிள், நாடக நோட்டீஸ். குப்பை என்று யாராவது சிரித்தால் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதிய மனிதர், புத்தகத்தோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்துக்கொண்டே போனார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அதை வைத்து 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே உருவானது. தரமணியில் இருக்கிறது.

பழசு மட்டும் வாங்கிக்கொண்டு போவதும் சரியில்லை. இந்த மண்ணிலிருந்தே பெரிய அச்சுக்கலைஞர் வந்திருக்கிறார்: ஆர்.எம். பழனியப்பன், 1957-இல் தேவகோட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் டாமரிண்ட் என்ற கல்லச்சுக் கூடத்தில் வேலை செய்தவர். (டாமரிண்ட் என்றால் புளி என்றாலும், அந்தக் கூடம் முதலில் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் தெருவின் பெயர்தான் அது.) அவருடைய படங்கள் என் பட்ஜெட்டில் அடங்காது. ஆனால் திரும்பும் வழியில் சென்னையில் ஒரு நாள் ஒதுக்கினால், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் கிராபிக்ஸ் பட்டறையும் கண்காட்சிகளும் உண்டு. இளைஞர்களின் எச்சிங் (உலோகத் தகட்டு அச்சு), லினோகட் (லினோலியத்தில் செதுக்கிய அச்சு), மரச்செதுக்கு அச்சுகளை அங்கே பார்த்து, போட்டவரிடமே பேசி வாங்கலாம். ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் எட்டிப் பாருங்கள். படத்தின் அடியில் பென்சிலால் 7/30 என்று இருந்தால், முப்பது பிரதியில் ஏழாவது என்று அர்த்தம். கையெழுத்தும் பென்சிலில் இருக்க வேண்டும். எண்ணெய் ஓவியம் வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். பேரம் பேசாதீர்கள், அதைப் பழைய சாமான் கடையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும் விஷயம். கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வார்னிஷ் பூசிய பழைய படத்தைச் சுருட்டினால் வெடிக்கும். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துப் பெட்டியின் அடியில் போடுங்கள். புதிய அச்சைப் பெரிய குழாயில் தளர்வாகச் சுருட்டலாம். என்ன படம், எந்தக் காலம், என்ன விலை என்று எழுதிய ரசீது கைப்பையில் இருக்கட்டும். அப்புறம், வீட்டுக்குப் போனதும் பழைய பின்பலகையை வெளியே வைத்து உதறிவிட்டு மறுபடி சட்டம் போடக் கொடுங்கள். என் சரஸ்வதியோடு காரைக்குடியிலிருந்து நான்கு ராமபாணப் பூச்சிகளும் விசா இல்லாமல் வந்திருந்தன.