ஜப்பான்ல ட்ரெய்ன்ல சுத்தப் போறீங்களா, மொதல்ல அந்த பாஸ் ஆசைய விடுங்க

ஜப்பான் போறேன்னு சொன்னாலே 'ஜேஆர் பாஸ் வாங்கிட்டியா'ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஜேஆர் கம்பெனி ட்ரெய்ன்ல இத்தன நாளைக்கு எவ்வளவு வேணா சுத்திக்கலாம்னு டூரிஸ்டுக்கு குடுக்குற பாஸ்தான் அது. ஆனா அது பழைய கதைங்க. 2023 அக்டோபர்ல விலைய ஏத்திட்டாங்க, 29,650 யென்னுக்கு இருந்த 7 நாள் பாஸ் ஒரேடியா 50,000 ஆயிடுச்சு. டோக்கியோ - கியோட்டோ போய்ட்டு வர சாதா டிக்கெட் எடுத்தா 28,000 பக்கம்தான் வரும், ஹிரோஷிமா வரைக்கும் போனாக்கூட 40,000 பக்கம்தான், அதுலயும் பாஸ் வச்சிருந்தா நொசோமிங்கிற வேகமான புல்லட் ட்ரெய்ன்ல ஏறுறதுக்கு தனியா வேற காசு கட்டணும். டெய்லி ஒரு ஊர்னு ஓடுறவங்களுக்கு வேணா கட்டுப்படியாகும், மத்தவங்க உங்க ரூட்டுக்கு ஒரு தடவ கூட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஊருக்குள்ள சுத்த சூய்க்கா கார்டு போதும், காசு ஏத்தி வச்சுட்டு ஸ்டேஷன் கேட்ல தட்டிட்டுப் போற கார்டு அது. ஐபோன்னா வாலட்லயே சேத்துக்கலாம். கார்டா வாங்கினா டாப்அப் மெஷின்ல பெரும்பாலும் கேஷ்தான், அதனால கையில நோட்டு வச்சுக்கோங்க. கடைல தண்ணி பாட்டில் வாங்கவும் அதையே தட்டலாம். ஆனா டோக்கியோல தட்டி உள்ள போய்ட்டு கியோட்டோல தட்டி வெளிய வரலாம்னு நெனைக்காதீங்க, ஏரியா தாண்டினா வேலைக்காவாது.

ஷின்கான்சென்ல, அதான் புல்லட் ட்ரெய்ன்ல, டோக்கியோ டூ கியோட்டோ ரெண்டேகால் மணி நேரம். சாதா கோச்ல 'இ' சீட் கேளுங்க, அதான் ஃபூஜி மலை பக்கத்து ஜன்னல், கெளம்பி 40, 45 நிமிஷத்துல வலது பக்கம் வரும். மேகம் இல்லாம இருக்கணும், அது உங்க அதிர்ஷ்டம். மெஷின்ல எடுத்தா சில சமயம் ரெண்டு டிக்கெட்டா வரும், ஒண்ணு கட்டணத்துக்கு இன்னொண்ணு எக்ஸ்பிரஸ்க்கு, கேட்ல ரெண்டையும் சேத்தே உள்ள விடணும், கேட்டோட அந்தப் பக்கம் டிக்கெட் வெளிய வந்ததும் மறக்காம எடுத்துக்கணும். நான் பொட்டிய இழுக்குற அவசரத்துல அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன், பின்னாடி வந்த ஒரு பாட்டி அத எடுத்துட்டு ஓடி வந்து ரெண்டு கையாலயும் நீட்டினாங்க, கூச்சமா போச்சு.

பொட்டின்னதும் ஞாபகம் வருது, நீளம் அகலம் உயரம் மூணும் கூட்டி 160 செ.மீ தாண்டினா பின்னாடி எடம் இருக்குற சீட்டா பாத்து முன்னாடியே புக் பண்ணணும், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கெடையாது, பண்ணாம ஏறினா 1,000 யென் ஃபைன். இல்லன்னா பொட்டிய ஹோட்டல்லயே குடுத்துருங்க, அடுத்த ஊர் ஹோட்டலுக்கு கூரியர்ல அனுப்பிடுவாங்க, மறுநாள் போய் சேந்துரும். கைய வீசிட்டு ஏறலாம்.