திமிங்கலம் கரை ஒதுங்கினால், கயிற்றில் சிக்கினால்

முதலில் மீட்புக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். உடனே கடலுக்குள் தள்ளப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வாலைப் பிடித்து இழுத்தால் மூட்டு பிசகிவிடும். சாய்ந்து கிடந்தால் தலைமேல் உள்ள மூச்சுத் துளைக்குள் அலை புகும். ஆட்கள் போதுமென்றால் வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பள்ளம் விடுங்கள். ஈரத் துணி போர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். மூச்சுத் துளையை மட்டும் மூடாதீர்கள். அது விடும் மூச்சு முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிருமி இருக்கலாம். வால் பக்கம் போகவே வேண்டாம்.

கடலில் கயிறு சுற்றிய திமிங்கலம் என்றால் கதையே வேறு. தண்ணீரில் குதிக்காதீர்கள். பின்னால் இழுபடும் கயிற்றையும் வெட்டாதீர்கள்: மீட்புக் குழு மிதவை கட்டித் திமிங்கலத்தின் வேகத்தைக் குறைப்பது அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான். அந்தக் கயிறு போய்விட்டால், வாயிலும் துடுப்பிலும் இறுகிய சுற்று சதையை அறுத்துக்கொண்டே இருக்கும். நீண்ட கழியில் மாட்டிய கொக்கிக் கத்தியோடு நெருங்கவும் வழியிருக்காது.