விலை கேட்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பழஞ்சாமான் கடையில் வாங்கியது. “ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சு, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்” என்று கடைக்காரர் சொன்னதும் மயங்கிவிட்டேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வேறென்ன வேண்டும்? மூன்றாம் நாள் பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் கோலமாவு சிந்தியதுபோல் தூள். கவிழ்த்தோம். பலகையின் அடிப்புறம் பாதி உளுத்திருந்தது. கால்களைப் பிடித்திருந்தவை எல்லாம் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள். அந்த வகை ஸ்குரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஸ்டூலோ நாற்காலியோ, விலை கேட்பதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவேன். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மேற்புறம் பாலிஷ்காரர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும், அடிப்புறத்துக்குப் பொய் சொல்ல வராது.

அங்கே என்ன பார்ப்பது? முதலில் நிறம். பல பத்தாண்டுகள் காற்றுப்பட்ட மரத்தின் அடிப்புறம் பாலிஷ் இல்லாமல், வறண்டு, திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். அது முழுக்க ஒரே சீராகக் காப்பி நிறத்தில் இருந்தால் அண்மையில் சாயம் பூசியிருக்கிறார்கள். அடுத்தது தேய்மானம். உட்காருபவர் கால் வைக்கும் குறுக்குச் சட்டம் முன்பக்கம் நடுவில் குழிந்திருக்க வேண்டும். பின்சட்டம் கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும். நான்கு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் தேய்த்தது மனிதக் கால் அல்ல, உப்புத்தாள். ரயில்வே சாமான் என்று விற்பவர்கள் எம்.எஸ்.எம். என்ற எழுத்துகளைக் காட்டுவார்கள். மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே 1908-இல் உருவாகி, 1951-இல் தெற்கு ரயில்வேயில் கலந்த நிறுவனம். அதன் முத்திரை உள்ள அசல் பொருள்கள் உண்டு. ஆனால் எழுத்தின் பள்ளத்துக்குள் மரம் வெளிறியிருக்கிறதா, சுற்றியுள்ள மரத்தைப்போலவே கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் எழுத்து புதிது. வடசென்னைக் கடைகளில் நான் கேட்ட ராயபுரம் பெஞ்சுகளை எல்லாம் ஒன்றாகப் போட்டால், அந்த ஸ்டேஷனில் பயணிகள் நிற்க இடமே இருந்திருக்காது.

உளுத்த துளைகளைக் கண்டதும் ஓடிவிடுவதும் தவறுதான். பழைய துளையின் விளிம்பு கறுத்திருக்கும், உள்ளே தூசி அடைந்திருக்கும். பூச்சி போய்ப் பல காலம் ஆகியிருக்கலாம். புதுத் துளை வெளிறியிருக்கும், தட்டினால் மாவு கொட்டும். ஐயம் இருந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். தச்சர்கள் வைரம், வெள்ளை என்று இரண்டு சொல்வார்கள். வைரம் மரத்தின் நடுப்பகுதி, வெள்ளை பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதி. தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது; அதே தேக்கின் வெள்ளையை விடாது. தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். என் பெஞ்சில் வெள்ளைதான் பெரும்பகுதி.

பெயரில் வரும் இன்னொரு குழப்பம் ரங்கூன் தேக்கு, அதாவது பர்மாவிலிருந்து வந்த தேக்கு. இந்தப் பக்கக் கடைக்காரர்கள் வாயில் எல்லாப் பழைய மரமும் ரங்கூன் தேக்குதான். பழைய காப்பி கிளப்புகளில் பார்த்திருப்போமே, வளைந்த முதுகும் வட்டமான பிரம்பு இருக்கையும் கொண்ட நாற்காலி. அதையும் ஒருவர் என்னிடம் ரங்கூன் தேக்கு என்றார். அந்த வடிவம் வியன்னாவில் பிறந்தது. மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் அதன் முன்னோர். பீச் என்ற ஐரோப்பிய மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்தார்கள். ஆறு மரத்துண்டுகள், பத்து ஸ்குரூக்கள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் ஒரு நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். அதனால்தான் கப்பலேறி உலகமெங்கும் போக முடிந்தது. பீச் அழகான மரம், ஆனால் பூச்சிக்கு மிகவும் பிடித்த மரம். இருக்கை வளையத்தின் உட்புறத்தில் முத்திரையோ ஒட்டிய தாளோ இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால், கடைக்காரர் என்ன ஆண்டு சொன்னாலும் அது 1918-க்குப் பிந்தையது. அந்த நாடே அப்போதுதான் உருவானது.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகள் இன்னும் கொடுமையானவை. முதலாவது, உடனே பாலிஷ்காரரை அழைப்பது. பழைய சாமான்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. அதைச் சுரண்டாமலேயே மேலே புதிதாக அரக்கு ஏற்றலாம். இயந்திரத்தால் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னும் பூச்சு அடித்தால், காசு கொடுத்து வாங்கிய பழமையைக் காசு கொடுத்தே அழித்ததாகும். பழைய பெயிண்ட் அடித்த ஸ்டூல் என்றால் வேறு கவலை: ஈயம். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் நிச்சயமாகக் கூடாது.

இரண்டாவது, ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பது. பழைய மூட்டுகள் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டியவை. விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை அது. கடற்காற்றும் ஐப்பசி ஈரமும் பட்டால் இளகும். ஆகவே ஆட்டம் பெரிய நோய் அல்ல. வெந்நீர் காட்டி மூட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிவிடலாம். ஆணி அடித்தால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருக்கும் முனை, பிளந்துவிடும். பிறகு எந்தத் தச்சரும் கையை விரிப்பார்.

இன்னொரு வகை ஆட்டமும் உண்டு. கடையின் தரை சமமாக இருக்காது, நம் வீட்டுப் பழைய கடப்பாக் கல் தரையும் இருக்காது. இது தெரியாமல் ஒரு காலை அரை அங்குலம் அறுத்து, பிறகு எதிர்க்காலை அறுத்து, கடைசியில் ஸ்டூலைக் குந்துமணையாக்கிய உறவினர் எனக்கு உண்டு. எந்தத் தரையிலும் ஆடாதது முக்காலிதான். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் நிற்கும். ஆனால் எடை ஓரத்துக்குப் போனால் அது கவிழும். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு நான் முக்காலி சொல்லமாட்டேன்.

பிரம்பு இருக்கை தொய்ந்திருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அறுந்திராத பின்னலை அடிப்புறமிருந்து வெந்நீரில் நனைத்து நிழலில் காயவிட்டால் இழுத்துக்கொள்ளும். அறுந்துபோனால் மறுபடி பின்னத்தான் வேண்டும். பார்வையற்றோர் பலர் பயின்று செய்யும் தொழில் அது, பிளாஸ்டிக் நாரைவிடப் பிரம்பே நல்லது. அந்தப் பின்னல் துளைகளில் மூட்டைப்பூச்சி குடியிருக்கும். இரத்தம் கிடைக்காமலேயே பல மாதம் உயிரோடு இருக்கும் பிராணி. கடையில் ஓராண்டாகச் சும்மா கிடந்த நாற்காலி என்று சொன்னால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். துளைகளைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு இங்கே ஒரு கூடுதல் சோதனை தேவைப்படுகிறது. கால்களின் அடியில் ஒரே உயரத்தில் ஒரு கோடு ஓடுகிறதா, பாதங்கள் பஞ்சுபோல் அமுங்குகின்றனவா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் அந்தப் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அந்தக் கறை மரத்தில் ஊறியிருந்தால் எந்தப் பாலிஷும் நிற்காது. இரும்பு ஸ்டூல் என்றால் குழாய்க்கால்களைத் தட்டுங்கள். உள்ளே துரு பொலபொலவென்று கொட்டும் சத்தம் கேட்கும்.

உயரத்தை அளக்காமல் வாங்குவது பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: 30 அங்குல மேசைக்கு 17, 18 அங்குல இருக்கை. அலுவலகப் பதிவறைகளிலிருந்து வரும் நெட்டை ஸ்டூல்கள் சமையலறை மேடைக்குப் பொருந்தும், சாப்பாட்டு மேசைக்குப் பொருந்தாது. மாடிப்படியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் தெருப் படிக்கட்டுகளில் ஈஸி சேர் திரும்புவதே பெரும்பாடு.

நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைவிட வயது குறைந்ததை அனுப்பவும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. ஈட்டி மரமாக இருந்தால் பன்னாட்டு அனுமதிச் சிக்கல் தனி. சிட்னியில் இருக்கும் என் தங்கை பாட்டியின் சாய்வு நாற்காலியைக் கேட்டபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. நாற்காலி ராயபுரத்திலேயே இருக்கிறது. அவள் வரும்போதெல்லாம் அதில்தான் உட்காருகிறாள். பைகளை அந்தப் பெஞ்சின் மேல் போடுகிறாள்.