டாய்லெட் சோப்பால் குளிக்கலாமா? ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடும் வழி

உங்கள் வீட்டுக் குளியல் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். எடைக்கும் விலைக்கும் நடுவே பொடி எழுத்தில் 'டாய்லெட் சோப்' என்று போட்டிருக்கலாம். பக்கத்திலேயே டி.எஃப்.எம். 76% என்று ஒரு கணக்கு இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம். சில உறைகளில் 'பேதிங் பார்' என்று இருக்கும், அது வேறு வகை.

கும்பகோணம் பக்கத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பள்ளியில் வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும். "டீச்சர், அப்ப இது கக்கூஸ் கழுவுற சோப்பா?" வகுப்பே சிரிக்கும். சிரித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு அகராதியை எடுப்பேன். ஒரு சொல் எங்கே பிறந்து எப்படி நம் வீட்டுக்குள் வந்தது என்று தேடப் பழகுவதற்கு இதைவிடத் தோதான சொல் எனக்கு அகப்படவில்லை. அதையே வைத்து வழியைச் சொல்கிறேன். மற்ற சொற்களுக்கும் இதே வழிதான்.

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்தச் சொல் இன்றைக்கு எங்கெங்கே புழங்குகிறது என்று எழுதுங்கள். டாய்லெட் என்றால் பீங்கான் கோப்பை, அது இருக்கும் அறை, டாய்லெட் பேப்பர். சரி. அப்புறம் டாய்லெட் சோப். கடைகளில் சீப்பு, பவுடர், ஷாம்பு வகையறாவுக்கு 'டாய்லெட்ரீஸ்' என்று பெயர். வாசனைத் தண்ணீர்ப் புட்டியில் 'ஓ த துவாலெத்' என்று பிரெஞ்சில் போட்டிருப்பார்கள். அறுவைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் யாரையாவது தெரிந்தால் கேளுங்கள். புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்வதற்கு 'வூண்ட் டாய்லெட்' என்பார்கள். முதல் மூன்றும் ஒரு கட்சி, மீதி எல்லாம் வேறு கட்சி என்று பார்த்தாலே தெரியும். இப்படி இன்றைய அர்த்தத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்பவைதான் பெரும்பாலும் பழசு. அர்த்தம் இடம் மாறும்போது கூடவே போகாமல் தங்கிவிட்டவை. தேடலை அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

இனி அகராதி. ஒரே அகராதியைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. வெவ்வேறு காலத்து அகராதிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக, பழைய அகராதிகள் இன்று இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. சாமுவேல் ஜான்சன் 1755இல் போட்ட அகராதியில் டாய்லெட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான்: அலங்கார மேஜை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்டதில் இரண்டு பொருள் உண்டு. முதலாவது, அறையில் மேஜைமேல் விரிக்கும் லினன் அல்லது பட்டுத் துணி. இரண்டாவது, அந்த மேஜை. இரண்டு பேரிடமும் மலம் கழிக்கும் இடம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பொருள் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று இந்த இரண்டு ஆண்டுகளை வைத்தே நீங்கள் ஊகித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இன்னும் பின்னால் கூட்டிப்போகும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டாய்லெட் என்றால் உடுப்புகளைச் சுற்றி வைக்கும் துணி. பிரெஞ்சில் 'துவால்' என்றால் துணி, 'துவாலெத்' சின்னத் துணி. அதற்கும் முன்னால் லத்தீனில் 'தேலா', நெய்த துணி. அதற்கு அடியில் 'தெக்ஸெரே', நெய்தல். டெக்ஸ்டைல் அந்த வேரில் வந்ததுதான். பாடப்புத்தகத்தை டெக்ஸ்ட் புக் என்கிறோமே, அந்த டெக்ஸ்டும் அங்கிருந்துதான். பாடப்புத்தகத்துக்கும் கழிப்பறைக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி என்று சொன்னால் வகுப்பில் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது.

இதோடு நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். 'டாய்லெட் என்றால் உண்மையில் துணி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. துணி எப்படிப் பீங்கான் கோப்பை ஆயிற்று என்று சொல்லாதவரை ஒன்றும் சொன்னதாக ஆகாது. ஆகவே அடுத்த வேலை, இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது. இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு அடியும், பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஒரே தாவலில் துணியிலிருந்து கோப்பைக்குப் போகிற விளக்கம் எதையும் நம்பாதீர்கள்.

உடுப்பைச் சுற்றிய துணி. முடி வாரும்போது, பவுடர் போடும்போது தோளில் போர்த்திக்கொண்ட துணி. அலங்கார மேஜையில் விரித்த துணி. அந்தத் துணிமேல் இருந்த கண்ணாடி, சீப்பு, வெள்ளிச் சிமிழ் எல்லாம் சேர்ந்து டாய்லெட். பிறகு மேஜையே டாய்லெட். மேஜை முன் உட்கார்ந்து செய்துகொள்கிற சிங்காரம் டாய்லெட். ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி ஓர் எட்டுதான். வரிசை எப்போதும் இப்படி நூல் பிடித்த மாதிரி இருக்காது, சில அர்த்தங்கள் ஒரே காலத்தில் சேர்ந்தே புழங்கும். அதனால் பாதகமில்லை. டாய்லெட் சோப்பில் இருப்பது இந்தச் சிங்கார டாய்லெட்தான், தாராளமாகக் குளிக்கலாம்.

இந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் எழுதியதையும் வரைந்ததையும் பாருங்கள். அலெக்சாண்டர் போப் 'தி ரேப் ஆஃப் தி லாக்' என்ற கேலிக் காவியத்தை 1714இல் விரித்து எழுதியபோது, கதாநாயகி பெலிண்டா டாய்லெட் முன் அமர்வதைக் கோயில் பூஜை மாதிரி வருணிக்கிறார். வெள்ளிப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கின்றன, பணிப்பெண் பூசாரி போல உதவி செய்கிறாள். இன்றைய அர்த்தத்தோடு படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் திருதிருவென்று விழிக்கும். ஹோகார்த் 1743 வாக்கில் வரைந்த 'மேரேஜ் அ-லா-மோட்' என்ற ஆறு ஓவியங்களில் நான்காவதற்குப் பெயர் 'தி டாய்லெட்'. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இணையத்திலும் பார்க்கலாம். சீமாட்டிக்கு முடி அலங்காரம் நடக்கிறது. சுற்றிலும் விருந்தாளிகள், பாட்டு, புல்லாங்குழல். பெரிய வீட்டுப் பெண்கள் தலைவாரிக்கொள்ளும்போதே ஆட்களை வரவேற்றுப் பேசுவது அன்றைய நாகரிகம். ஒரு படம் இருபது அகராதி வரிக்குச் சமம் என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

சிங்காரம் செய்கிற அறைக்கும் பிறகு அந்தப் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில், முக்கியமாக அமெரிக்காவில், அந்த அறையோடு கழிப்பிடமும் சேர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டாய்லெட் என்றால் கழிப்பிடம் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் ஒரு சாட்சி: நியூயார்க்கில் கேயட்டி என்பவர் 1857இல் துடைப்பதற்கென்றே தாள் விற்றார். அதன் பெயர் 'வாட்டர் கிளாசெட்டுக்கான மருந்திட்ட தாள்'. வாட்டர் கிளாசெட் என்றால் கழிப்பறை. டாய்லெட் பேப்பர் என்று அவர் சொல்லவில்லை. இப்படிப் பழைய விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். சரக்கை விற்கிறவன் எப்போதும் அன்றைய வழக்குச் சொல்லைத்தான் போடுவான்.

எப்படி நகர்ந்தது என்று தெரிந்துவிட்டால், ஏன் நகர்ந்தது என்று கேளுங்கள். டாய்லெட்டின் முதல் அடிகளெல்லாம் தானாகச் சரிந்தவை. கடைசி அடி அப்படியில்லை, அது கூச்சத்தால் வந்தது. இதை விளக்க ஆங்கிலப் புத்தகம் தேவையில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கு என்று சொல்லி இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரித்துவைத்தார். அவையில் சொல்லக் கூசும் சொல்லை அடக்கி வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். தமிழாசிரியர்கள் சொல்லும் எடுத்துக்காட்டு 'கால் கழுவி வந்தான்'. ஆங்கிலேயனும் அமெரிக்கனும் செய்தது அதே கால் கழுவுகிற வேலைதான். லாவட்டரி என்பது லத்தீனில் கழுவுமிடம். மடங்களில் துறவிகள் கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. லேட்ரின் என்பதும் கழுவுதல் என்ற வேரில் பிறந்ததே. பாத்ரூம் குளிக்கும் அறை, ரெஸ்ட் ரூம் ஓய்வறை. நல்ல சொல்லைக் கொண்டுவந்து மறைத்தால் கொஞ்ச காலத்தில் அதற்கும் வாடை பிடித்துவிடும், பிறகு இன்னொன்று வேண்டும். 'டீச்சர், பாத்ரூம் வருது' என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அறையின் பெயர் காரியத்தின் பெயராக மாறுவதைக் கண் முன்னால் பார்க்க வேறு எங்கே போவது?

இரண்டு பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஓசை ஒற்றுமை. துவால் என்றதும் துவாலை ஞாபகத்துக்கு வரும். ஆங்கிலத்து டவலும் அதே மாதிரி ஒலிக்கும். ஆனால் டவல் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் கழுவுதல் என்ற வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் துவாலை அதற்கு உறவான போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் லத்தீன் 'தேலா'வோடு சம்பந்தமில்லை. அதேபோல ஆங்கிலத்தில் 'டாயில்' என்று இரண்டு சொல் உண்டு. வேட்டை வலையைக் குறிப்பது டாய்லெட்டுக்கு உடன்பிறப்பு. பாடுபடுவதைக் குறிப்பது அன்னியம். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அகராதியில் இரண்டு தனிப் பதிவாக இருக்கும், அதைக் கவனியுங்கள்.

இரண்டாவது பள்ளம், சுவையான கதை. தாமஸ் கிராப்பர் என்று லண்டனில் ஒரு பிளம்பர் இருந்தார், 1836இல் பிறந்து 1910இல் இறந்தவர். ஃப்ளஷ் கழிப்பறையைக் கண்டுபிடித்தவர் அவர், 'கிராப்' என்ற கொச்சைச் சொல்லே அவர் பெயரிலிருந்துதான் வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டை வைத்து உரசிப் பாருங்கள். ஃப்ளஷ் கழிப்பறைக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்கும் முன்னால் 1596இல் சர் ஜான் ஹாரிங்டன் அப்படியொன்றை விவரித்துப் புத்தகமே போட்டார். கிராப் என்ற சொல் உமி, சக்கை என்ற பொருளில் இடைக்கால ஆங்கிலத்திலேயே உண்டு. மலங்கழித்தல் என்ற பொருளில் 1846இல் அச்சேறிவிட்டது. அப்போது நம் பிளம்பர் பத்து வயதுப் பையன். ஆளுக்கு முன்னால் சொல் பிறந்திருந்தால் கதை பொய். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக்கு மேல் கட்டுக்கதைகள் விழுந்துவிடும்.

இப்போது இதே வழியை நம் வகுப்பில் கேட்ட கக்கூசுக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தைகள் சொல்லும் 'கக்கா'விலிருந்து வந்தது என்பார்கள். முன்பாதி ஒத்துப்போகிறது. கடைசியில் இருக்கும் 'ஊஸ்' எங்கிருந்து வந்தது? தமிழில் அப்படி ஒரு விகுதி கிடையாது. ஆகவே கடல் தாண்டித் தேட வேண்டும். டச்சு மொழியில் 'காக்' என்றால் மலம், 'ஹைஸ்' என்றால் வீடு. அதன் பழைய உச்சரிப்பு 'ஹூஸ்'. கக்கூஸ் வந்துவிட்டது. ஆனால் ஓசை மட்டும் போதாது என்று இப்போதுதானே பார்த்தோம். எனவே வரைபடத்தை எடுங்கள். அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது? சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய', இந்தோனேசியாவில் 'காகுஸ்'. டச்சுக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து. நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை. இலங்கைக் கரையோரத்தில் 1796 வரை. ஜாவாவில் அதற்குப் பிறகும் நெடுங்காலம். கோட்டையும் சொல்லும் ஒரே இடத்தில் இருக்கின்றன. துணைச் சாட்சியும் உண்டு: இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது டச்சுச் சொல், நம் துட்டும் டச்சு நாணயத்தின் பெயர்தான்.

தமிழ்ச் சொற்களுக்கு அகராதி தேடுகிறவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தொடங்கலாம். சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பைப் பொடியாகப் போட்டிருப்பார்கள். அதற்கும் முந்திய நிலையைப் பார்க்க வின்ஸ்லோ 1862இல் போட்ட அகராதி இருக்கிறது.

பழகிக்கொள்ள அடுத்த சொல் வேண்டுமென்றால் அலமாரியை எடுங்கள். இந்திய ஆங்கிலத்தில் ஆல்மைரா, போர்த்துக்கீசியத்தில் அர்மாரியோ, லத்தீனில் அர்மாரியும். லத்தீனில் 'அர்மா' என்றால் ஆயுதம். வாள் வைத்த பெட்டியில் புடவை எப்படி வந்தது என்று ஒவ்வோர் எட்டாக நீங்களே எழுதிப் பாருங்கள்.