ஐயப்ப மாலை கழட்டுற அன்னைக்கு சாயங்காலம் என்ன பண்றது? குடியை நிரந்தரமா விட நினைக்கிறவங்களுக்கு

காலைல கட்டிங் போட்டாதான் கை நடுக்கம் நிக்கும்ங்கிற நிலைமைல இருக்கீங்களா, அப்போ வீட்லயே டக்குனு நிறுத்தாதீங்க. பல வருஷமா தினமும் குடிச்ச உடம்புக்கு திடீர்னு சரக்கு நின்னா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கு அடுத்த ரெண்டு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம உளர்றது, இல்லாத பூச்சிய சுவத்துல தட்டி விடுறதுன்னு போய் உயிருக்கே ஆபத்தாகிடும். காத்து கருப்புன்னு மந்திரிக்க கூட்டிட்டு போய் நேரத்தை விடாதீங்க, 108க்கு அடிங்க.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, அங்க போங்க. நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க, தயமின்ங்கிற வைட்டமின் பி1 ஊசி போடுவாங்க, அந்த சத்து ரொம்ப குறைஞ்சா ஞாபகசக்தியே போயிடும். தினமும் எவ்வளவுன்னு டாக்டர் கேட்டா ஆஃப்பை குவாட்டர்னு குறைச்சு சொல்லாதீங்க, அதை வச்சுதான் அவர் டோஸ் முடிவு பண்றாரு. எங்க போறதுன்னு தெரியலன்னா 14446க்கு போன் பண்ணுங்க, அரசோட போதை மீட்பு உதவி எண், இலவசம். தனியார் மையம்னா லைசென்ஸ் கேளுங்க, உள்ள போய் பாருங்க, அடிச்சு அடைச்சு வைக்கிற இடம்னு தெரிஞ்சா சேர்க்காதீங்க.

வீட்டம்மாக்களுக்கு ஒன்னு. அவருக்கு தெரியாம சாம்பார்ல டைசல்ஃபிராம்ங்கிற குடி நிறுத்துற மாத்திரையை கலக்காதீங்கம்மா. அது உள்ள இருக்கும்போது குடிச்சா பிபி இறங்கி உயிரே போகலாம். அவர் சம்மதிச்சு, டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும்தான். குடிக்கணும்ங்கிற ஆசையை குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு வேற மருந்தும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

இனிமேதான் கஷ்டமான பகுதி. ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாம இருக்கிறவங்க எத்தனையோ பேர், மாலையை கழட்டின அன்னைக்கு ராத்திரியே கடைல நிக்கிறாங்க, ஏன்னா விரதம் முடியுற தேதி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதுக்கு அப்புறம் என்னன்னு யோசிக்கவே இல்ல. அதனால மாலை கழுத்துல இருக்கும்போதே அந்த சாயங்காலத்துக்கு ஏற்பாடு பண்ணிடுங்க. ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ங்கிற, குடியை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிற கூட்டம் பக்கத்துல எங்க நடக்குதுன்னு விசாரிச்சு வைங்க, 1935ல அமெரிக்கால ரெண்டு குடிநோயாளிங்க ஆரம்பிச்சது, இப்போ நம்ம ஊர்லயும் தமிழ்லயே நடக்குது, பீஸ் கிடையாது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்", இதான் அங்க கணக்கு, முடிவு தேதியே இல்ல. வேலை விட்டு வர்ற வழில டாஸ்மாக் இருந்தா வழியை மாத்துங்க, ஆறு மணிக்கே வயிறார சாப்பிடுங்க, பசியோட இருந்தா ஆசை இன்னும் கிளம்பும். சம்பளம் கொஞ்ச நாளைக்கு வீட்டம்மா கணக்குக்கே போகட்டும். சாவு வீடு, கல்யாண வீடுன்னா தலையை காட்டிட்டு இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க. "ஒரே ஒரு பீர் மச்சான்"னு வருவாங்க, "மாத்திரை சாப்பிடுறேன்டா, தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்"னு அங்கயே முடிச்சிடுங்க, விளக்கம் சொல்ல நின்னீங்கன்னா உட்கார வச்சிருவாங்க.

தவறி ஒரு நாள் குடிச்சிட்டா மறைக்காம அன்னைக்கே கூட்டத்துல பழகினவருக்கு போன் போடுங்க, அடுத்த நாள் ஓபிக்கு போங்க. திரும்ப தினசரி குடியாகிடுச்சுன்னா மறுபடியும் டாக்டரோட துணையோடதான் நிறுத்தணும், வீட்ல தனியா வேண்டாம்.