சென்னைக்குத் திரும்பும் பெற்றோருக்கு: பள்ளியில் சேர்க்கும் முன்பே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்

வளைகுடாவிலிருந்து சென்னைக்குக் குடிவருகிறீர்களா? வீட்டில் ஆட்டிசமோ வேறு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தை இருந்தால், சாமான் கட்டுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் துபாயில் பதினோரு வருடம் இருந்தோம். மகனுக்கு எட்டு வயதானபோது மடிப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்த முதல் வருடம் நாங்கள் பட்டது இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம்.

அங்கே எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பள்ளியே ஐ.இ.பி., அதாவது குழந்தைக்கென்று தனிக் கல்வித் திட்டம், போட்டுத் தரும். பக்கத்தில் உட்காரும் உதவியாளருக்கு நாம் தனியாகப் பணம் கட்டுவோம். துபாய் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ. ஆட்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதால் பள்ளிக்கும் ஒரு பயம் இருக்கும். அதே நினைப்பில், ஒரு தடிமனான ஃபைலைத் தூக்கிக்கொண்டு இங்கே ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. "கவலையே படாதீங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். மாற்றுத்திறனாளி என்ற அரசுச் சான்றிதழ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா, பையன் மேல வீணா ஒரு முத்திரை" என்றார். வீட்டில் என் மாமியாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பெரியவர்கள் சொன்னதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவன் பக்கத்தில் உட்காரும் ஷேடோ டீச்சருக்கு என்று பள்ளியில் மாதம் 15,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கிடையாது.

ஏழு மாதம் நோட்டுகள் அழகாக வந்தன. கையெழுத்து இவ்வளவு திருந்திவிட்டதே என்று என் கணவர் அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம், மகன் காதில் மாட்டும் ஹெட்ஃபோனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். கொடுத்துவிட்டு வரலாம் என்று பதினொரு மணிக்குப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் அவன் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய், அதில் உட்கார்ந்து எல்.கே.ஜி. பிள்ளைகளின் பிளாஸ்டிக் கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஷேடோ டீச்சராக இருந்த பெண் அவனுடைய சமூக அறிவியல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அவள் கைக்குப் போனது 6,000 ரூபாய் என்று பிறகு தெரிந்தது. "கிளாஸ்ல இருந்தா மிஸ்ஸுக்குக் கஷ்டமா இருக்குன்னு இங்க உட்காரச் சொன்னாங்க மேடம்" என்று அழுதாள். அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எங்க ரெக்கார்டுல உங்க பையன் ஸ்பெஷல் சைல்டே கிடையாதேம்மா, சாதாரண அட்மிஷன்தானே, நீங்க கேட்டீங்கன்னு ஒரு உதவியா செஞ்சோம்" என்கிறார்கள்.

அந்தப் பதிலில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் அடக்கம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு வேண்டிய தனி உதவியைத் தர வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. புகார் கேட்க மாநில ஆணையர் இருக்கிறார், சம்மன் அனுப்பி விசாரிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆனால் அங்கே போய் நிற்க எங்கள் கையில் சான்றிதழும் இல்லை, பள்ளிக்கு எழுதிய ஒரு கடிதமும் இல்லை, கட்டிய பணத்துக்கு ரசீதும் இல்லை. மகனுக்கு முத்திரை வேண்டாம் என்று நாங்கள் ஒளித்துவைத்தது பள்ளிக்குத்தான் வசதியாகப் போனது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குழந்தைக்கு ஆதார், சென்னை முகவரியோடு. பிறகு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சான்றிதழுக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம். முகவரி எந்த மாவட்டம் என்று கவனியுங்கள்: தாம்பரமும் வண்டலூரும் செங்கல்பட்டு மாவட்டம், பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அப்புறம் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. தனியார் மருத்துவர் தந்த அறிக்கையும் துபாய் அறிக்கையும் துணைக்குத்தான் உதவும், சான்றிதழுக்கு ஈடாகாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அட்டையின் நிறம் 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம், 40க்குக் கீழே வெள்ளை. சின்னக் குழந்தைக்குத் தரும் சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கலாம். எந்த வருடம் வரை செல்லும் என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.

படிவத்தில் ஆட்டிசத்துக்குப் 'புறஉலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று போட்டிருப்பார்கள். என் மகன் மழை வருவதை என்னைவிட முன்னாலேயே சொல்லிவிடுகிறவன். அந்தச் சொல்லைப் படித்து எனக்குக் கண்ணீர் வந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் போடுங்கள்.

பரிசோதனை நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆட்டிசத்தை அளக்க ஐசா என்று ஓர் அளவுகோல் உண்டு, மொத்தம் 40 கேள்விகள். இத்தனை வருடமும் பள்ளி பள்ளியாகப் போய் "அவனே சாப்பிடுவான், அவனே எழுதுவான்" என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகியிருக்கும். டாக்டர் கேட்கும்போதும் அதேதான் வாயில் வரும். வேண்டாம். கூட்டத்தில் அவனுக்கு என்ன ஆகிறது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குளிக்கவைக்க எத்தனை பேர் வேண்டும் என்று இருக்கிறது இருக்கிறபடி சொல்லுங்கள். முதல் நாளே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பெற்ற பிள்ளையால் என்ன முடியாது என்று அவன் காது கேட்கவே சொல்வது கொடுமை. நான் மகனை அவன் அப்பாவோடு வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு அந்தப் பகுதியை மட்டும் பேசினேன்.

சான்றிதழ் கையில் வந்தபின் கிடைப்பவை பல. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பதற்கு 75,000 ரூபாய்க் கழிவு, குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அவன் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், இரண்டு மொழிக்குப் பதில் ஒன்று. வழக்கமான பள்ளி சரிப்படவில்லை என்றால் என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை.

தெரபிக்கு முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) எனும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். 2005இல் தொடங்கியது. தூரம்தான், ஆனால் எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகரில் வாசிப்புக் குறைபாட்டுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம். தனியார் மையம் என்றால் சிறப்பாசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட் இருவரிடமும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் குழந்தையை விடாதீர்கள்.

இரண்டாவது பள்ளியைத் தேடும்போது வேறு மாதிரிப் போனேன். சான்றிதழ் நகலை விண்ணப்பத்தோடு இணைத்தேன். கூட இருப்பவரின் பெயர், படிப்பு, எந்தெந்தப் பாடவேளையில் வகுப்புக்கு வெளியே போவான், எங்கே போவான் என்று எழுத்தில் கேட்டேன். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். மூன்று பள்ளிகள் பதிலே சொல்லவில்லை. நான்காவது பள்ளி சின்னது, மைதானம்கூடக் கிடையாது. அங்கே சிறப்பாசிரியை என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் அவனைப் பற்றிக் கேட்டார். இப்போது அவன் நோட்டில் வரிக்கு நாலு எழுத்துதான், பாதி கோட்டுக்கு வெளியே. அதைப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

கடைசியாக, தமிழ். துபாயில் ஒரு தெரபிஸ்ட் சொன்னார் என்று வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினோம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இங்கே வந்தபின்தான் தெரிந்தது. பேரனோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் என் அப்பா போய்ச்சேர்ந்தார். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. வந்த நாளிலிருந்தே பிள்ளையோடு தமிழ் பேசுங்கள், அவன் பதில் சொல்லாவிட்டாலும் பேசுங்கள். என் மகன் பதில் சொல்ல இரண்டு வருடம் ஆனது. போன ஆடி மாதம் ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்திருந்தவன், ஓட்டுநரின் தோளைத் தொட்டு, "அண்ணா, ஹார்ன் வேணாம்" என்றான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கீழ்க்கட்டளை வரை ஹார்னில் கை வைக்கவில்லை.