மைக்ரோ ஆர்.என்.ஏ உங்கள் மரபணுவை அடக்குகிறதா? உறுதிசெய்வது எப்படி

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ-வில் ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாவதை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ. அது எவற்றை அடக்கக்கூடும் என்று கணிக்கும் டார்கெட்ஸ்கேன் போன்ற இணையதளத்தில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வரிசைகட்டி நிற்கும். அது சந்தேகப் பட்டியல்தான். அதிலிருந்து பிடித்த மரபணுவை எடுத்து, மைக்ரோ ஆர்.என்.ஏ-வை செல்லுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டி, புரதம் குறைந்துவிட்டது என்று வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைக் காட்டும் சோதனை) காட்டுபவர்கள் நிறையப் பேர். நம்பாதீர்கள், வேறொரு மரபணு வழியாகச் சுற்றி வந்தும் புரதம் குறையும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ-வும் அந்த மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ-வும் ஒரே செல்லில், ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அப்புறம் இடம் தேடுங்கள்: விலங்குகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ முழு நீளத்துக்கும் பொருந்த வேண்டியதில்லை, அதன் தொடக்கமான 5' முனையில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள், அதாவது சீட் பகுதி, எம்.ஆர்.என்.ஏ-வின் 3' யூ.டி.ஆரில் (புரதமாக மாறாத வால் பகுதியில்) பொருந்தினாலே பெரும்பாலும் போதும். 1993-ல் அம்ப்ரோஸ், ருவ்குன் குழுக்கள் சி. எலிகன்ஸ் புழுவில் கண்ட முதல் ஜோடியிலேயே, லின்-4 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ உட்காரும் இடங்கள் லின்-14 மரபணுவின் யூ.டி.ஆரில் ஏழு இருந்தன.

சரி, இனி லூசிஃபெரேஸ், அதாவது ஒளி உண்டாக்கும் நொதி; ஒளி குறைந்தால் அடக்கம் நடக்கிறது என்று பொருள். அந்த மரபணுவின் யூ.டி.ஆரை லூசிஃபெரேஸுக்குப் பின்னால் ஒட்டுங்கள், ஒப்பிட இன்னொரு லூசிஃபெரேஸும் வேண்டும். சீட் பொருந்தும் இடத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றிய வடிவம் ஒன்றும் செய்யுங்கள். அதில் அடக்கம் நீங்க வேண்டும். பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். மாற்றிய இடத்துக்குப் பொருந்துமாறு மைக்ரோ ஆர்.என்.ஏ-வையும் மாற்றிப் போட்டு, அடக்கம் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் வாதம் முழுமையாகும். ஒரே இடம் என்றால் 20, 30 விழுக்காடு குறைவதே சகஜம், பெரிய எண்ணை எதிர்பார்க்காதீர்கள். எம்.ஆர்.என்.ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரும் செய்யுங்கள், ஏனென்றால் பாலூட்டிச் செல்களில் அடக்கத்தின் பெரும்பகுதி எம்.ஆர்.என்.ஏ சிதைவாகவே தெரியும்.

கடைசியாக உயிருள்ள விலங்கு. மைக்ரோ ஆர்.என்.ஏ-வை மொத்தமாகத் தடுப்பதைவிட, ஒரு மரபணுவில் அது உட்காரும் இடத்தை மட்டும் மார்ஃபோலினோ என்ற செயற்கை இழையால் மூடுவதோ கிரிஸ்பர் மரபணுத் திருத்தத்தால் மாற்றுவதோ மேல். வரிக்குதிரை மீனில் மிஆர்-430, கரு வளர்ச்சியை வழிநடத்தும் நோடல் சமிக்ஞையைத் தூண்டும் ஸ்குவின்ட்டையும் அதை எதிர்க்கும் லெஃப்டியையும் சேர்த்தே அடக்குகிறது. 2007-ல் ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியாக மூடியபோது, ஸ்குவின்ட்டில் மூடினால் நோடல் கூடியது, லெஃப்டியில் மூடினால் குறைந்தது.